சீட்டுக்கு அடியில் டானிக்

டானிக் விஷயத்தில் நான் பேசாத பேச்சு கிடையாது. மயிலாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டுக்கு நிற்கும் தாய்மார்கள் யாராவது, "பாப்பாவுக்கு எந்த டானிக் குடுக்கறீங்க?" என்று கேட்டால் போதும், பிடித்துக்கொள்வேன். கலர் தண்ணியும் சர்க்கரையும் என்பேன். ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்பேன். இது என் சொந்தச் சரக்கு அல்ல. போன வருஷம் கார்த்திகை மழையில் எங்கள் மகளுக்குச் சளி நெஞ்சில் இறங்கி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அப்போது பார்த்த குழந்தைகள் டாக்டரம்மா சொன்னது. அவர் ஒரு தடவை சொன்னதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நான்கு நாளும் ராத்திரி பகலாக மகளின் நெஞ்சில் காது வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "ஒரு டானிக்காவது வாங்கி வைக்கலாமா?" என்று கேட்டாள். "பேங்க்ல வேலை பாக்கறவ பேசற பேச்சா இது?" என்று வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மகளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. மழை பிடித்த முதல் வாரமே வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி என்றார்கள். மறுநாள் காலை இவள் தும்மினாள். ஒரே ஒரு தும்மல்தான். என் வீறாப்பெல்லாம் அதோடு போயிற்று. தி.நகரில் என் பிளவுஸ் துணிக் கடைக்கு எதிரே ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. டீ குடிக்கப் போகிறவன் போலக் கிளம்பி, "எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது குடுங்க, சின்னக் குழந்தைக்கு" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு அதை வீட்டுக்குள் கொண்டுபோவது? ரெயின்கோட்டில் சுற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். தினமும் பள்ளிக்குப் போகும் வழியில், கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் வண்டியை ஓரங்கட்டி, மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். "அம்மாகிட்ட சொல்லாதடா கண்ணு" என்பேன். அவள் உதட்டை நக்கிக்கொண்டு தலையாட்டுவாள். மறந்தும் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. மனைவி பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாங்க." குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே பயந்துகொண்டு போனேன். குழந்தைக்குக் கறுப்பாகப் போயிருந்தது. கறுப்பு என்றால் தார்க் கறுப்பு. மனைவி அப்போதே போனில் தேடிப் பார்த்திருந்தாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் இப்படிப் போகும் என்று போட்டிருந்தது. மகளோ ஒரு கவலையும் இல்லாமல் தோசை கேட்டாள்.

மந்தைவெளியில் இருந்த அதே டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கிளம்பினோம். தூறல். மகள் முன்னால் நின்றுகொண்டாள், மனைவி பின்னால் உட்கார்ந்தாள். பாட்டில் எங்களுக்குக் கீழே இருந்தது. அந்தப் பாழாய்ப்போன தண்ணிதான் என் குழந்தையின் குடலைப் புண்ணாக்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்தது. குழந்தைக்கு என்னமோ ஆகிக்கொண்டிருக்கும்போதும் மானம் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன் என்பதை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "டானிக் ஏதாவது குடுக்கறீங்களா?" என்றார்.

மனைவி "இல்லை" என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னாலும் அதற்கு மேல் முடியவில்லை.

"நான் குடுக்கறேன், மேடம். மூணு வாரமா. இவளுக்குத் தெரியாது."

மனைவி திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீங்களுமா?" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பாட்டிலையும் கொண்டாங்க."

மனைவி தன் கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். விருந்தாளி வந்தால் மட்டும் இறக்கும் பெரிய குக்கருக்குள் அதை ஒளித்து வைத்திருந்தாளாம்; கிளம்பும்போது எடுத்துப் பையில் போட்டிருக்கிறாள். நான் கடையிலிருந்து வருவதற்குள் சாயங்காலம் தினமும் கொடுத்திருக்கிறாள். நான் படியிறங்கி ஓடி, ரெயின்கோட்டை உதறி, என்னுடையதை எடுத்து வந்தேன். இரண்டு பாட்டிலிலும் ஒரே படம்தான், கைகளைத் தூக்கிச் சிரிக்கும் ஒரு குண்டுக் குழந்தை.

"ரெண்டுலயும் இரும்புச்சத்து இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கறுப்பா போனது அதனாலதான். ரத்தம் மாதிரி தெரியல. ஆனா அளவு எவ்வளவு போயிருக்குன்னு பாக்கணும்." மகளை எடைக் கருவியில் நிறுத்தினார். லேபிளைப் படித்துப் படித்துத் தாளில் கணக்குப் போட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை" என்றார். "ரெண்டும் சேர்ந்தும் ஆபத்தான அளவுக்குப் போகல. மூணாவது ஆள் யாரும் குடுக்கலையே?"

இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

"ரெண்டையும் இன்னையோட நிறுத்துங்க. ரெண்டு மூணு நாள்ல நிறம் மாறிடும், மாறலேன்னா கூட்டிட்டு வாங்க. சளி பிடிக்கத்தான் செய்யும், தானா போயிடும். மூச்சு வாங்கினா மட்டும் உடனே ஓடி வாங்க. போன வருஷமே சொன்னேனே, சார்?"

"சொன்னீங்க, மேடம்" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டு வாங்கியதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறில்லை. மனைவி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கலர் தண்ணி" என்று என் காதில் சொன்னாள். சொல்ல வேண்டியதுதான்.

மகள் இன்னும் எடைக் கருவி மேலேயே நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் இருந்த இரண்டு பாட்டிலையும் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லாதன்னாங்க, நான் சொல்லல. அம்மாவும் சொல்லாதன்னாங்க, நான் சொல்லல" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இனிமே சொல்லலாமா?" என்றாள்.

நான் பாட்டில்களை மேஜை ஓரத்துக்குத் தள்ளினேன். மனைவிதான், "எல்லாம் சொல்லலாம்டா" என்றாள்.

மகள் தோளைத் தூக்கி இறக்கி, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். போன வருஷம் நாங்கள் காது வைத்துக் கேட்ட அதே நெஞ்சுதான். மூச்சு கரகரப்பு ஏதும் இல்லாமல் வந்தது.