பாசிசத்துக்கு இரண்டு மதிப்பெண்

தாராளமயம் வந்த புதிதில் எனக்கு எதைக் கண்டாலும் பாசிசமாகத் தெரிந்தது. தஞ்சாவூர்க் கடைத்தெருவில் வெளிநாட்டுக் குளிர்பானப் பலகை மாட்டினால் பாசிசம், உர விலை ஏறினால் பாசிசம். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவன் இப்படியா பேசுவது என்று யாரும் கேட்டதில்லை. என் வகுப்பு நோட்ஸ் வேறு ஜெராக்ஸாகி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு நான்தான் தலைமை. விடைக்குறிப்பும் நான் எழுதியதே: "பாசிசம் என்பது முதலாளிகளின் பொருளாதார முறை."

மூன்றாம் நாள், குடவாசல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியை ஒருவர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். மொத்தம் முப்பத்தெட்டு. இன்னும் இரண்டு கிடைத்தால் தேர்ச்சி. பாசிசம் பற்றிய இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அதில் எழுதியிருந்தது: "பாசிசம் ஓர் அரசியல் முறை. ஆலை யாருடையது என்பது வேறு கேள்வி. ஒரே தலைவன், ஒரே கட்சி, எதிர்த்தவனுக்குச் சிறை என்றால் அது பாசிசம்."

"குறிப்புல இல்லையேம்மா. சைபர்தான்" என்றேன்.

அவர் நகரவில்லை. "சார், எங்க வீட்டுக்காரர் வளைகுடாவுல இருக்கார். அங்க கடை வைக்கலாம், லாபம் பாக்கலாம், ராஜாவை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இங்க எங்க நெல்லை அரசாங்கமே வாங்குது. அந்த அரசாங்கத்தை டீக்கடையில உக்காந்து திட்டுறோம். யார் விக்கிறாங்க, யார் வாங்குறாங்கன்னு பாத்து ஆட்சி எப்படின்னு சொல்லிட முடியுமா?"

சுற்றிலும் பேனாக்கள் நின்றுவிட்டன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இங்க நான் வச்சதுதான் குறிப்பு. போய் உக்காருங்க."

"உக்கார்றேன் சார். ஆனா இந்தத் தாள்ல சைபர் போட மாட்டேன்" என்றார், குரலை உயர்த்தாமலே.

முகமோ பெயரோ தெரியாத, வெறும் எண்ணாக வந்த ஒரு பிள்ளைக்காக அத்தனை பேர் நடுவில் நின்றார். அந்தத் துணிச்சல் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. மதியம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்ததும் குறிப்பிலிருந்த என் வரியை நானே அடித்தேன். அவர் நாற்பது போட்டார்.

வேறு யாருக்காவது இப்படிச் சைபர் விழுந்திருக்கிறதா என்று, திருத்தி முடித்த கட்டுகளையும் பிரிக்கச் சொல்லி நானே உட்கார்ந்து பார்த்தேன். தாளுக்குத் தாள் என் நோட்ஸ் வரி, ஓர் எழுத்துப் பிசகாமல், முழு மதிப்பெண்ணோடு இருந்தது. மாற்றி எழுதத் துணிந்தது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் நான் பெயிலாக்கப் பார்த்தேன்.