கிரீஸ் பட்ட கார்டு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எண்பதுகளில் ராஜபாளையத்தில் எந்தப் பஞ்சாலைக்குப் புது மிஷின் வந்தாலும், இறக்கி மாட்ட என்னைத்தான் தேடி வருவார்கள். படித்த இன்ஜினியர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போல்ட்டில் கை வைப்பார். யாருக்கு எப்படிச் சேதி சொல்ல வேண்டும் என்பதிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. முதலாளியிடம் தினம் இரண்டு தடவை நேரில் போய்ச் சொல்வேன். கோயம்புத்தூர் மிஷின் கம்பெனிக்கு டிரங்க் கால். வேலையாட்கள் வீட்டுக்கென்ன, தபால் கார்டு போதும்.

ஒரு பொங்கலுக்கு வேலை முடியவில்லை. மகாராஜபுரத்துப் பிட்டர் ஒருவன், அம்மா தனியாக இருக்கிறாள், ஒரு எட்டுப் போய் வருகிறேன் என்று கேட்டான். நான் விடவில்லை. அவன் வரமாட்டான் என்று மிஷின் பக்கத்தில் நின்றபடியே அவன் அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். என் கைக் கிரீஸ் அதன் மூலையில் அப்பியதைக் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கம் கார்டு மூலையில் கறுப்பு இருந்தால் சாவுச் சேதி. அதை வீட்டில் வைக்கக் கூடாது, கிழித்துவிட வேண்டும். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி கறுப்பைப் பார்த்ததும் வாசிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டாளாம். மகன் வேலை செய்கிற இடத்திலிருந்துதானே கார்டு வரும்?

அந்த அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, செருப்புக்கூட இல்லாமல் மில் கேட்டுக்கு வந்து நின்றாள். அழவில்லை.

"எம்பிள்ளைய எங்க கெடத்திருக்கிய?"

மகன் ஓடி வந்தான். அவன் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, கார்டைப் போட்டது யார் என்று கேட்டாள். வேலையாட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"இவந்தான் பெட்டியில போட்டான். கையத் தொடச்சிருக்க மாட்டான்" என்றேன்.

அம்மா கையால் அவன் முதுகில் இரண்டு அறை விழுந்தது. "ஏலே, கையத் தொடைக்க என்னலே கேடு ஒனக்கு?"

அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். "தப்புதாம்மா" என்றான்.

அப்போதே அவனை அவளோடு ஊருக்கு அனுப்பினேன். தங்கமான மேஸ்திரி என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவன் பல வருஷம் என்னிடம் வேலை பார்த்தான். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. தொண்ணூறுகளில் அவன் அம்மா இறக்கும்வரை, நான்தான் போட்டேன் என்று அவளிடம் நான் போய்ச் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலிருந்து மகாராஜபுரத்துக்கு ஒரே பஸ்தான்.