ஏணிக்கு நேரே காலிக் கட்டம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸில் அவருக்குத் திருகாணி என்று பட்டப்பெயர். அடுத்தவர் முடுக்கிய திருகாணியை இன்னொரு தரம் முடுக்கிப் பார்க்காமல் விடமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் எழுந்துபோய்ப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறார். ஒரு நாளாவது எரிந்துகொண்டிருந்ததா? இல்லை. கேட்டால், "பாத்ததுனாலதான் எரியலன்னு தெரியுது" என்பார். இந்த மனுஷனோடு எவள் வாதாடுவாள்?

அப்படிப்பட்டவர் திடீரென்று மலையேறப் போகிறேன் என்றார். தெருமுனைக் கடைக்கே வண்டியில் போகிறவர்! அவரும், தம்பி என்று அவர் கூப்பிடும் வேலைக் கூட்டாளியும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, சாயங்காலத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவார்களாம். பதினேழு கிலோமீட்டர். பாதி தூரம் வெறும் பாறை. நடுவில் செங்குத்துப் பாறையில் அடித்துவைத்த இரும்பு ஏணி வேறு. 

மூன்று மேப் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். "மூணும் மூணு தூரம் சொல்லுது பாரு. இதுல ரெண்டாவது பொய் சொல்லுது" என்றார். ஊற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஏணி ஆடுகிறதா என்று வனத்துறை ஆபீசுக்கு நாலு தரம் போன் போட்டார். நாலாவது தரம் அந்த ஆள், "சார், மலை அங்கேயேதான் இருக்கு, வந்து பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார். புது ஷூவின் அடியைக் குறடால் பிடித்து இழுத்துப் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மானம் போகும்.

எல்லாவற்றையும் அவர் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். ஐம்பது வயதில் ஒருவனுக்கு மலை ஏன் கூப்பிடுகிறது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நாள் அவர் சட்டையை மோந்துகூடப் பார்த்தேன். கிரீஸ் வாடைதான் அடித்தது. மனசு கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டேன்.

"உங்க அண்ணன் நெசமாவே மலைக்குத்தான் போறாரா?"

"ஆமா அண்ணி. நானே மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். அவரு கூப்பிட்டா எப்படி வரமாட்டேன்னு சொல்றது?"

சனிக்கிழமை மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது, அவர் எழுதி வைத்திருந்த திட்டத் தாளை எடுத்துப் பார்த்தேன். லிஃப்ட் சோதனைத் தாள் மாதிரியே கோடு போட்டிருந்தார். பாதையில் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி, நேரம், அதற்கு எதிரே இரண்டு கட்டம்: பார்த்தவர், சரிபார்த்தவர். அவர்கள் வேலையில் இரண்டு கட்டத்திலும் பெயரின் முதலெழுத்து விழாமல் லிஃப்டை ஓட்டக்கூடாது. சரிபார்த்தவர் கட்டம் எப்போதும் இவருடையது. அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

மலையில் யார் எதைச் சரிபார்ப்பது என்று முன்னாலேயே எழுத்துப் போட்டு வைத்திருந்தார். ஊற்றுக்கு நேரே சரிபார்த்தவர் கட்டத்தில் இவர் எழுத்து இருந்தது. மரப்பாலத்துக்கு நேரே இருந்தது. இரும்பு ஏணிக்கு நேரே தம்பியின் எழுத்து மட்டும். அடுத்த கட்டம் காலி. பள்ளத்தை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதைக்கும் காலி. மேப்பைப் பார்த்தேன். எல்லாரும் அந்த ஏணியில் இறங்கும்படிதான் அம்புக்குறி போட்டிருந்தது. இவர் அதை அடித்துவிட்டு, சுற்றையே திருப்பி, ஏறும்படி மாற்றியிருந்தார். 

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் தாளை நீட்டினேன். "என்னங்க இது? ஏணியை யாரு சரிபாக்குறது?"

"சும்மா விட்டுப்போச்சு."

"உங்களுக்கு? விட்டுப்போச்சு? யார் காதுல பூ சுத்துறீங்க?"

நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கீழ பாத்தா தலை சுத்துதும்மா. மூணு மாசமா."

"ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரிஞ்சா மேசை வேலைக்குப் போட்டுடுவாங்க. அதான், இந்த மலையைச் சுத்திட்டு வந்துட்டா ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரிஞ்சுடும்னு பாத்தேன்."

"தம்பிக்கு?"

துண்டை மறுபடி பிரித்தார். எனக்குத் தெரியும், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் இவர் நின்று பட்டனை அழுத்தி ஏற்றி இறக்குவார். தம்பி அடியில் குழிக்குள் நின்று வேலை பார்ப்பான்.

"போன வாரம் தலை சுத்தி, மேல போறதுக்குப் பதிலா கீழ போற பட்டனை அழுத்திட்டேன். அவன் குழியில இருந்தான். போட்டான் பாரு ஒரு சத்தம், பட்டன்ல இருந்து கையை எடுத்துட்டேன், லிஃப்ட் நின்னுடுச்சு. மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டேன். அவனும் நம்பி, சாயங்காலம் வரைக்கும் ஒயர் ஒயரா பாத்துக்கிட்டிருந்தான்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்றே தெரியாது. "அடப்பாவி மனுஷா, அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றது மட்டும் நினைவிருக்கிறது. போனை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

தம்பியின் நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரைப் போடச் சொன்னேன். தம்பி பேசுவது எனக்குக் கேட்காவிட்டால் இவர் மழுப்பிவிடுவார்.

"அண்ணே, காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?"

"மலைக்குப் போகலடா தம்பி. போன வாரம் லிஃப்ட் இறங்குச்சே, மெஷின் மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா அழுத்தினேன். எனக்குத் தலை சுத்துது."

"விளையாடாதீங்கண்ணே. நீங்க மேல நிக்கிறீங்கன்னுதானே நான் கீழ நிக்கிறேன்."

"நிக்காதே. ஆபீஸ்ல திங்கக்கிழமை சொல்லிடுறேன். அதுக்கு முன்னாடி நானே வந்து சரியாயிடுச்சுன்னு சொன்னாலும் நம்பாதே. என்னை நம்பாதேடா."

  தம்பி மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்கு நான் சத்தம் போடலைன்னா, அண்ணே?"