கவனிப்புக் குறைவு என்று எழுதினார்கள்

நாங்கள் குடியிருக்கும் பழைய பெரிய வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உரிமையாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பின்கட்டில் இரண்டு அறைகளை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்தை, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள். வீட்டைக் காவல் பார்க்கும் அக்காதான் கதவு திறந்துவிடுவார்.

நான் பள்ளி ஆசிரியை. கணவர் இறந்துவிட்டார். மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். பின்வாசலைத் தாண்டினால் ஊருணி. ஒரு நாள் கழுத்தளவுத் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்றவளைச் சேலையோடு இறங்கித் தூக்கி வந்தேன். அதற்குப் பிறகுதான் கட்ட ஆரம்பித்தேன். நான் குளிக்கும் நேரம், அடுப்படியில் நிற்கும் நேரம், அவ்வளவுதான். பழைய நூல் சேலையை அவள் இடுப்பில் சுற்றி, மறுமுனையை வளவுத் தூணில் முடிந்துவிடுவேன். அவள் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து விளையாடுவாள்.

ஒரு ஞாயிறு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ தூண்களைப் படமெடுக்க வந்திருக்கிறார்கள். படத்தில் என் மகளும் விழுந்தாள். அவர்கள் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் நானும் பேசியிருப்பேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். அலைபேசியில் படத்தைக் காட்டினார்.

“யாரு கட்டுனது, டீச்சர்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். கதவு திறந்துவிட்ட குற்ற உணர்ச்சி அவருக்கு.

“யாரும் கட்டலைங்க. புள்ள தானா சேலையச் சுத்திக்கிட்டு வெளையாடும். கோயில் யானையவே சங்கிலி போட்டு வச்சிருக்காக, அதுக்கு யாரும் போன் போடலை. துணிக்குப் போயி வந்திருக்கீக.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. பிறகு என்னைப் பார்த்தார்.

“கட்டுனீகன்னா கொடுமைன்னுதான் வகைப்படுத்தணும். போலீசுக்குப் போகும். ஒங்க வேலைக்கும் ஆபத்து. அந்தம்மா சொல்றதுதான் நெசம்னா கவனிப்புக் குறைவு. குழந்தை நலக் கமிட்டியோட நின்னுரும்.”

“கட்டாம விட்டு, அவ ஊருணிக்குப் போயிருந்தா?”

“அதுவும் கவனிப்புக் குறைவுதான். எனக்கு இருக்கிறது இந்த ரெண்டுதான், டீச்சர். எதை எழுத?”

அவர் குரலில் கனிவு இருந்தது. அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. லேசான வார்த்தையை எழுதினால் பிள்ளை வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன்.

சிவகங்கையில் குழந்தை நலக் குழுவின் முன் அந்த அறிக்கையை வாசித்தார்கள். குழந்தை தானே துணியில் சிக்கிக்கொண்டிருக்கிறது, அருகில் நீர்நிலை, பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அறிக்கையின்படி எல்லாம் சரி. அவளை நான் எதிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை. தக்க ஏற்பாடு ஆகும்வரை சிறப்புக் குழந்தைகள் இல்லத்தில் வைக்க உத்தரவானது.

வெளியே வராந்தாவில் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான்தான் கட்டுனேன்னு இப்பச் சொல்லிடுறேன், மேடம்.”

“சொல்லாதீக. அது கொடுமையாயிரும். அப்புறம் கேஸு முடியிற வரைக்கும் புள்ளைய வீட்டுக்கு விடமாட்டாக.” அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

போன வாரம் இல்லத்துக்குப் போனேன். அவள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

“சீப்ப எடுத்தாலே கடிக்க வருதும்மா,” என்றார் பார்த்துக்கொள்ளும் பெண். “வீட்டுல எப்படி வாருவீக?”

“மடியில படுக்க வச்சு, காதுகிட்ட பாடிக்கிட்டே வாரணும். முக்கால் மணி நேரம் ஆகும்.”

“இங்க அதுக்கு ஆளு ஏது?”

மகள் என் கையை எடுத்துத் தன் மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து வெளிக்கதவுப் பக்கம் இழுத்தாள். வழக்கமாக வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு அவள் செய்வது அதுதான். அந்தப் பெண் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

“திரும்பிப் பாக்காமப் போயிருங்கம்மா. பாத்தா அழும்.”

திரும்பிப் பார்க்காமல் போனேன். பேருந்து நிறுத்தம் வரை காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது. அழுகை கேட்கவில்லை.