என் காருக்குப் பின்னால் நான்

இருபத்தொன்று புள்ளி நான்கு!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஆர்.எஸ்.புரத்தில் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெரிந்த எண் அது. லிட்டருக்கு இருபத்தொன்று புள்ளி நான்கு கிலோமீட்டர். இஞ்சினை அணைக்க மனசே வரவில்லை. போனில் படம் எடுத்தேன். தெளிவாக விழவில்லை என்று இன்னொன்றும் எடுத்தேன்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு என் ஆட்டம் புரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே கார் எனக்குக் கொடுத்தது பதினான்கு.

என்ன செய்தேன்? செய்யக்கூடாததைச் செய்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இப்போது வரும் டீசல் கார்களில் புகை வெளியேறும் குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. காரை நெடுந்தூரம், ஒரே சீராக ஓட்டினால், சேர்ந்த கரியைக் காரே எரித்துவிடும். நான் எங்கே நெடுந்தூரம் ஓட்டுகிறேன்? மார்க்கெட், பேங்க், சர்ச், பல் டாக்டர்... எல்லாமே இரண்டு கிலோமீட்டர். கரி சேர்ந்துகொண்டே போனது. அதை எரிக்கிறேன் பேர்வழி என்று கார் கூடுதலாக டீசல் குடித்தது. எரித்து முடிப்பதற்குள் நான் வீட்டுக்கு வந்து அணைத்துவிடுவேன். வாரத்துக்கு ஒருமுறை மஞ்சள் விளக்கு எரியும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் கார்த்தி என்றொரு மெக்கானிக் இருக்கிறார் என்றார்கள். போனேன். முப்பது வயசு இருக்கும். கையில் ஸ்பேனர் இல்லை, லேப்டாப் இருந்தது.

"ஏனுங்க சார், இதுக்கு எதுக்குங்க இத்தன கவல? ஃபில்டருக்குள்ள இருக்கறதை எடுத்துப்போட்டு, இஞ்சின் கம்ப்யூட்டர்ல புது ஃபைல் ஏத்திப்போட்டா முடிஞ்சுதுங்க. லைட்டும் வராது. மைலேஜும் சும்மா எகிறுமுங்க."

"தப்பில்லையா?"

"சட்டப்படி தப்புதானுங்க. பொய் சொல்லமாட்டேன். ஆனா வெளிய பாத்தாத் தெரியாதுங்க. கூடு அப்படியே இருக்கும். உள்ள மட்டும் காலி."

ஒரு நிமிடம் யோசித்தேன். சரி, அரை நிமிடம். 'செய்ங்க' என்றேன்.

அன்று சாயந்திரம் திரும்பி வரும்போது... அடடா! ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டதும் வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது. ஐம்பத்தாறு வயசில் காலேஜ் பையன் மாதிரி மேட்டுப்பாளையம் ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் தினமும் எண் ஏறியது. பதினேழு. பத்தொன்பது. கடைசியில் அந்த இருபத்தொன்று புள்ளி நான்கு.

சர்ச் வாசலில் சொன்னேன். பல் டாக்டரிடம், வாயில் பஞ்சு வைப்பதற்கு முன்னால் சொன்னேன். என் தங்கை ரெஜினாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ரெஜினா மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை நடத்துகிறாள். நானும் அவளும் ஒரே வாரத்தில் ஒரே மாடல் கார் வாங்கினோம். நிறம்தான் வேறு. என்னுடையது வெள்ளை, அவளுடையது சிவப்பு. பட்டறை வேலையாக ஈரோடு, சேலம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பாள். அதனால் அவள் ஃபில்டரில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

"ஏனுங்ண்ணா, அந்த நம்பரைச் சொன்னது யாருங்க? டிஸ்ப்ளேவா, பங்க்கா?"

"டிஸ்ப்ளேதான். ஏன் கண்ணு?"

"கம்ப்யூட்டரையே மாத்திப்போட்டு, அது சொல்ற கணக்கை நம்பறீங்களே! டேங்க்கை ஃபுல் பண்ணி ஓட்டிப் பாக்கலாமுங்க. ஞாயித்துக்கெழமை. நீங்க உங்க வண்டி, நான் என் வண்டி."

எனக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே! போட்டி என்றால் பொதுவாக யார் வேகமாகப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். இங்கே யார் குறைவாகக் குடிக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறோம்.

ஞாயிறு சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் ஒரே பங்க்கில் இரண்டு காருக்கும் டேங்க் நிரப்பினோம். அங்கிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம். எழுபது கிலோமீட்டர். ஏசி இருவருக்கும் ஒரே அளவு. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. என் மனைவி ஜெசிந்தாதான் நடுவர். நடுவர் எந்த யோசனையும் இல்லாமல் ரெஜினாவின் காரில் போய் உட்கார்ந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்தபோது என் டிஸ்ப்ளே இருபத்திரண்டு காட்டியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பங்க்கில் இறங்கினேன். இரண்டு காரிலும் மறுபடி நிரப்பினோம். ஜெசிந்தா போனில் வகுத்துப் பார்த்தாள்.

"ரெஜினா இருவது புள்ளி ஆறு."

"நான்?"

"பதினேழு புள்ளி ஒம்பதுங்க."

"மறுபடி போடு!"

மறுபடி போட்டாள். பதினேழு புள்ளி ஒன்பதேதான். ஃபில்டர் இருக்கிற கார் ஜெயித்துவிட்டது. அது இல்லாத என் கார், வாய்க்கு வந்ததைச் சொல்லி இத்தனை நாளாக என்னைக் குஷிப்படுத்தியிருக்கிறது.

"உன் வண்டி இஞ்சினே ராசியான இஞ்சின்" என்றேன். வேறென்ன சொல்வது?

பக்கத்து ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். ரெஜினா தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள், "அப்படீங்களா? அப்ப திரும்பிப் போறப்ப வண்டியை மாத்திக்கலாமுங்ண்ணா."

மாற்றிக்கொண்டோம். என் வெள்ளைக் காரில் அவள் முன்னால் போனாள். அவளுடைய சிவப்புக் காரில் நானும் ஜெசிந்தாவும் பின்னால் போனோம்.

இந்தக் காரை வாங்கி ஆறு வருஷம். என் கார் ரோட்டில் ஓடுவதை நான் பின்னாலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாக முன்னால் பார்க்கிறோம். நம் வண்டி நமக்குப் பின்னால் எதை விட்டுப்போகிறது என்று யார் பார்க்கிறோம்?

புளியம்பட்டி தாண்டி ஒரு சின்ன ஏற்றம். முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டுவதற்காக ரெஜினா மிதித்தாள்.

குபீரென்று கரும்புகை. கொஞ்சம் நஞ்சமில்லை. ரோட்டின் இடது பக்கம் முழுவதும் கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் ஒரு மொபெட் இருந்தது.

"ஐயோ, கொழந்தை!" என்றாள் ஜெசிந்தா.

மொபெட் ஆடியது. ஓட்டிய பெண் எப்படியோ சமாளித்து, ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினாள். பின்னால் எட்டு வயசுப் பெண் குழந்தை. பட்டுப் பாவாடை. எங்கோ விசேஷத்துக்குப் போகிறார்கள் போல. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமியது.

நான் காரை நிறுத்திவிட்டு ஓடினேன். ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் முகத்தைக் கழுவிவிட்டாள். இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு அது ஐந்து நிமிடமாகத் தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகலீங்க. கண்ணுல கரி உழுந்துபோச்சு, அவ்வளவுதானுங்க" என்றாள் அந்தப் பெண், எனக்கே ஆறுதல் சொல்வது மாதிரி. "அந்த வெள்ளைக் காரு ஊதிப்போட்டு போயிருச்சுங்க. அவங்களுக்கென்ன, முன்னால பாத்து ஓட்டறாங்க. பின்னால என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?"

பேசாமல் காரில் ஏறிப் போயிருக்கலாம். நான் சிவப்புக் காரிலிருந்து இறங்கியவன். அவளைப் பொறுத்தவரை உதவிக்கு வந்த நல்ல மனுஷன். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

"அம்மணி... அந்த வெள்ளைக் கார் என்னுது. ஓட்டிட்டுப் போறது என் தங்கச்சி. அவ மேல தப்பில்ல. புகைய வடிகட்டற ஃபில்டரை நான்தான் எடுத்துப்போட்டேன். மைலேஜுக்காக."

அவள் குழந்தையின் பாவாடையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப நீங்களே பாத்துட்டீங்கல்லங்க" என்றாள். குழந்தையைத் தூக்கி உட்காரவைத்தாள். "அப்ப வாரேனுங்க."

போய்விட்டாள். கொங்கு நாட்டு மரியாதைக்கு இவ்வளவு கூர்மை உண்டென்று இத்தனை வயசில் அன்றுதான் தெரிந்தது.

அன்னூரில் எங்களுக்காக நிறுத்திக் காத்திருந்த ரெஜினாவிடம் நடந்ததைச் சொன்னேன். அதன்பிறகு கோவை வரும்வரை அவள் எந்த வண்டியையும் தாண்டவில்லை. பங்க்கில் ஒரு கடமைக்காகத்தான் நிரப்பிப் பார்த்தோம். என் காரில் அவள் எடுத்தது இருபத்தொன்று புள்ளி ஐந்து. அவள் காரில் நான் எடுத்தது பதினேழு புள்ளி ஆறு.

கவனித்தீர்களா? ஃபில்டரைப் பிடுங்கியதில் கிடைத்தது அவள் ஓட்டினால் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. நான் ஓட்டினால் அதில் பாதிகூடக் கிடையாது. மீதி வித்தியாசமெல்லாம் கால் பாதத்தில் இருக்கிறது. அவளுடைய பாதத்துக்கும் என்னுடைய பாதத்துக்கும் நடுவில் மூன்று நான்கு கிலோமீட்டர்!

மறுநாளே கார்த்தியிடம் போனேன். புது ஃபில்டர் போடுங்கள், பழைய ஃபைலையே ஏற்றுங்கள் என்றேன். அவர் லேப்டாப்பை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்காங்க சார். திருப்பி மாட்டச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

நான் புளியம்பட்டி ஏற்றத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "எம் பொண்ணும் ஸ்கூட்டர்ல பின்னாலதானுங்க உக்காந்து போகுது" என்றார். ஃபில்டரை அவரே தன் கையால் மாட்டினார்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா எனக்குப் பாடம் எடுத்தாள். ஐம்பத்தாறு வயசு அண்ணனுக்கு டிரைவிங் கிளாஸ்!

"அண்ணா, அங்க பஸ் நிக்குது பாருங்க. அப்பறம் எதுக்குங்க மிதிக்கறீங்க? காலை எடுங்க. வண்டி தானா உருளும்... பிரேக் அடிக்கறது எல்லாம் டீசலை ரோட்டுல ஊத்தற மாதிரிதானுங்க."

போன ஞாயிறு அதே சத்தியமங்கலம் ரோட்டில் ஓட்டினேன். ஃபில்டரோடு. டேங்க்கை நிரப்பி வகுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை சொன்னது டிஸ்ப்ளே இல்லை, பங்க். பத்தொன்பது புள்ளி எட்டு! அங்கேயே கத்திவிட்டேன். டீசல் போட்டுக்கொண்டிருந்தவர் நோஸிலைக் கையிலிருந்து நழுவவிடப் பார்த்தார். இருபத்தொன்று புள்ளி நான்கைவிட இந்த எண் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் உங்கள் வண்டியை வேறு யாரிடமாவது ஓட்டக் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் போய்ப் பாருங்கள்.

கொடுப்பது என் தங்கையிடம் என்றால் மட்டும், மைலேஜ் எவ்வளவு வந்தது என்று கேட்டுவிடாதீர்கள்.