சித்தி பார்க்காத மீன்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பல் ஆஸ்பத்திரியில் சித்தியோடு காத்திருந்தேன். அங்கிருந்த மீன் தொட்டியில் மோட்டார் குமிழ் விடும் சத்தம் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில் ராஜபாளையத்துப் பெரியப்பா வீட்டு முன்னறையில் ஓயாமல் கேட்ட சத்தம் அது. பஞ்சாலை முதலாளியான அவர், ஆரஞ்சும் ஊதாவுமாய் மின்னும் குட்டிக் குட்டிப் பவளப்பாறை மீன்களை வாங்கி வந்து ஊருக்கே காட்டினார். தெப்பக்குளத்து மீனுக்குப் போடுவதுபோல் கை நிறையப் பொரியைத் தூவுவார். தண்ணீர் புளித்து நாறியது. மீன்கள் வயிறு ஒட்டி, ஒவ்வொன்றாக மல்லாந்தன.

பிள்ளையில்லாத சித்தி அந்த மீன்களை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது போதாதா?

"மலடி கண்ணு பட்டா எது உருப்படும்? ஏட்டி, இனி இந்தப் பக்கம் வராத!" என்று எல்லார் முன்னாலும் பெரியப்பா கத்தினார். சித்தப்பா குனிந்து செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார். கட்டின மனுஷன்!

இங்கே ஆஸ்பத்திரித் தொட்டியிலும் அதே ஆரஞ்சு, ஊதா மீன்கள்தான். நர்ஸ் பெண் தூசி மாதிரி எதையோ அதில் கரைத்துவிட்டாள்.

"பொரி போடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இதுக தண்ணியில மிதந்து வார பொடிப் பூச்சியைத்தான் திங்கும். பொரி போட்டா பட்டினியில செத்துரும் சார்."

"கேட்டீங்களா சித்தி? அம்புட்டையும் கொன்னது அந்த ஆளு போட்ட பொரி! திரும்பிப் பாருங்க!"

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சித்தி மட்டும் திரும்பவில்லை.

"வேண்டாம்யா. பாவம், இதுகளாவது உசுரோட கெடக்கட்டும்."