குட்டி டிவியில் தெரிந்த ஆடு

பழைய இரும்புக்கடையில் கிடைத்த, கைப்பிடி வைத்த கறுப்பு வெள்ளைக் குட்டி டிவியைக் கோவில்பட்டியில் கேமரா மாட்டும் மெக்கானிக் ஒருவரிடம் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். நரைத்த மீசைக்காரர். கழற்றும் ஸ்க்ரூக்களைக் காலித் தீப்பெட்டிகளில் வரிசையாகப் போட்டு வைப்பார்.

மூன்றாம் நாள் திரை ஒளிர்ந்தது. அந்த டிவிக்கு இப்போது சேனல் ஏது? தன் கடை வாசல் கேமராவையே அதில் இணைத்துவிட்டு வெயிலுக்கு ஓடினார்.

"நான் தெரியுதேனா அண்ணாச்சி?"

"நல்லாத் தெரியுதீங்க!"

உள்ளே வந்தார். "இப்ப நீங்க போங்க, நான் பாக்குதேன்."

கையிலிருந்த கீரைப் பையோடு வாசலில் போய் நின்றேன். உள்ளே அவர் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பிப் பார்த்தால், ஓர் ஆடு என் கீரையில் பாதியைத் தின்றிருந்தது.

"சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"படம் அவ்வளவு தெளிவால்லா இருந்துச்சு!"

மீதிக் கீரையையும் ஆட்டுக்கே நீட்டிக்கொண்டு, அவர் போதும் என்கிற வரை கேமரா முன்னாலேயே நின்றேன்.